பஸ்ஸில் போகும் தரவுக்கு ரசீது உண்டா?

கேபிளும் போகாமல், செல்போன் டவரும் எட்டாமல் இருக்கும் ஊர்களுக்கு ஓடும் வண்டி மூலம் தரவைக் கொண்டுபோகலாமா என்று விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஸ்பீடு எவ்வளவு வரும்?" என்பதுதான். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கர்நாடகத்தில் தொட்டபள்ளாபூர் பக்கம் 2000-களின் தொடக்கத்திலேயே 'டாக்நெட்' இதைச் செய்து காட்டிவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் ஆய்வாளர்களின் திட்டம் அது. நில ஆவணம் கேட்டுக் கிராமத்தில் பதிகிற விண்ணப்பம் அங்குள்ள கணினியிலேயே காத்திருக்கும். பஸ் பக்கத்தில் வந்ததும் அதிலுள்ள வைஃபை பெட்டிக்கு ஏறிக்கொள்ளும். தாலுகா தலைநகரில் இறங்கும். ஒரு சந்திப்பு சராசரியாக இரண்டரை நிமிடம். அதற்குள் சுமார் 20 மெகாபைட். விண்ணப்பங்களுக்கு அது தாராளம். கம்போடியாவின் ரத்தனகிரியில் பள்ளிக்கூட மின்னஞ்சல்களை மோட்டார் சைக்கிள்களே சுமந்தன.

பஸ் நிற்காமல் போனால்தான் சிக்கல். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, இருபுறமும் நூறு நூறு மீட்டர் எட்டும் வைஃபை எல்லையைச் சுமார் 18 விநாடிகளில் கடந்துவிடும். சேனலை (வைஃபை பேசும் அலைவரிசையை) தேடி, இணைந்து, ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண்) வாங்குவதிலேயே அதில் பாதி போய்விடலாம். சேனலையும் முகவரியையும் முன்பே நிலையாகக் கொடுத்துவிடுங்கள். பாதியில் அறுந்த கோப்பு, அடுத்த பஸ்ஸில் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் விண்ணப்பங்கள் காணாமல்போன ஓர் இடத்தைப் பார்த்தேன். கிராமத்துக் கணினியின் மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். இந்த வகை வலையமைப்பில் ஒவ்வொரு செய்திக்கும் ஆயுள் குறித்திருப்பார்கள். அன்று காலையில் எழுதிய மனுவை, காலாவதியான பழைய சரக்கு என்று பஸ் பெட்டி தூக்கிப் போட்டுவிட்டது. திரையிலோ 'அனுப்பப்பட்டது' என்று பச்சை டிக். பஸ்ஸில் ஜிபிஎஸ் இருந்தால் நேரத்தை அதிலிருந்தே கிராமத்துக் கணினிக்குக் கொடுக்கலாம். செலவு ஒன்றும் பெரிதில்லை.

ஆனால் டிக்கை அப்படியே விட்டுவிடக் கூடாது. பஸ்ஸில் ஏறியது வேறு, அலுவலகத்தில் சேர்ந்தது வேறு. சேர்ந்ததற்கான ரசீது திரும்பும் பஸ்ஸில் வந்த பிறகுதான் பச்சை காட்ட வேண்டும்; அதுவரை மூலப்பிரதியை அழிக்கக் கூடாது. இரண்டு பஸ்கள் ஒரே மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்கும், அதுவும் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் இல்லாவிட்டால் அலுவலகத்தில் இரண்டு விண்ணப்பமாகிவிடும்.

அப்புறம், அந்தப் பெட்டி மணிக்கணக்காக டிப்போவில் யாரும் பார்க்காமல் கிடக்கும். வேறு யாரும் படிக்க முடியாதபடி கிராமத்திலேயே குறியாக்கம் செய்து அனுப்புங்கள். திறக்கும் சாவி பஸ்ஸில் இருக்கவே கூடாது. அவசர மருத்துவ அழைப்பு போன்றவற்றை இந்த வழியில் விடவே வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், சோதனைக்காக ஒரு நாள் பஸ்ஸை ஓட்டாமல் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். அன்று சாயங்காலம் கிராமத்துத் திரையில் 'இன்னும் போகவில்லை' என்று வந்தால் மேற்கொண்டு பேசலாம்.