மூட்டு வீங்குவதற்கு முந்தைய ஆண்டுகள்

நெதர்லாந்தில் முடக்குவாதத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்த 79 பேருக்கு ஓர் ஒற்றுமை இருந்தது. நோய் வருவதற்கு முன்பு, நல்ல உடல்நலத்தோடு இருந்த காலத்தில், அவர்கள் அனைவரும் இரத்த வங்கிக்குத் தொடர்ந்து இரத்தம் கொடுத்துவந்தவர்கள். ஒவ்வொரு முறையும் கொடுத்த இரத்தத்தில் சிறிதளவு உறைநிலையில் காக்கப்பட்டிருந்தது. அந்தப் பழைய மாதிரிகளைச் சோதித்து 2004ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு, முடக்குவாதத்தைப் பற்றிய பார்வையையே மாற்றியது. ஏறத்தாழப் பாதிப் பேரின் இரத்தத்தில், முதல் வலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள்கள் (நோயெதிர்ப்பு மண்டலம் தயாரிக்கும் புரதங்கள்) இருந்தன. இடைநிலை அளவாகச் சொன்னால் நாலரை ஆண்டுகள்; சிலருக்குப் பத்தாண்டுகளுக்கும் மேல். சுவீடனின் வடக்கே உமியோ நகரில் சேமித்துவைக்கப்பட்ட இரத்தத்தைக் கொண்டு அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியிருந்தது. மூட்டில் வலிக்கும் இந்த நோய் மூட்டில் தொடங்குவதில்லையோ என்ற ஐயம் அதன்பின் வலுத்தது. இன்று நடக்கும் ஆய்வுகளில் முக்கியமான பல, அந்த வலியற்ற ஆண்டுகளில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தேடியே செல்கின்றன.

நம் ஊர்களில் சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் சொல்லப்படும் இந்த நோயை, வயதான காலத்தில் முழங்காலில் வரும் மூட்டுத் தேய்மானத்தோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். தேய்மானத்தில் முதலில் கெடுவது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு. நடக்க நடக்க வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதத்தில் நேர் எதிராக, இரவெல்லாம் ஓய்வெடுத்த பிறகுதான் விரல்கள் மரக்கட்டைபோல இறுகிக் கிடக்கும். டம்ளரைப் பிடிக்கவும் சட்டைப் பொத்தானைப் போடவும் விரல்கள் இணங்குவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். மருத்துவர் கையைக் குலுக்குவதுபோலப் பற்றி, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்திப் பார்ப்பார். நோயாளி முகம் சுளித்தால் அதுவே ஒரு தடயம். பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒரே மூட்டுகள் வீங்கும், நகத்தை ஒட்டிய கடைசி மூட்டு மட்டும் பொதுவாகத் தப்பிவிடும். உலக அளவில் நூறு பேரில் ஒருவருக்கோ அதைவிடச் சற்றுக் குறைவாகவோ வரும் இந்த நோய், ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது.

உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் புரதங்களையே அந்நியமாகக் கருதுவது எப்படி என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, தர்ப்பூசணிப் பழத்தின் பெயரில் ஒளிந்திருக்கிறது. அப்பழச் சாற்றிலிருந்து கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுக்கப்பட்ட அமினோ அமிலத்துக்குப் பழத்தின் இலத்தீன் பெயரையொட்டி சிட்ருலின் என்று பெயரிட்டார்கள். நம் உடல் புரதங்களைக் கட்டும்போது பயன்படுத்தும் இருபது அமினோ அமிலங்களில் சிட்ருலின் இல்லை. ஆனால் கட்டி முடித்த புரதத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமிலத்தை, பேட் எனப்படும் நொதிகள் சிட்ருலினாக மாற்றிவிட முடியும். ஆர்ஜினினுக்கு நேர்மின்சுமை உண்டு, சிட்ருலினுக்கு இல்லை. அந்தச் சுமை போனதும், அதைப் பிடிமானமாகக் கொண்டு மடிந்திருந்த புரதம் நெகிழ்ந்து வேறு உருவம் கொள்கிறது. இந்த மாற்றம் நோயாளிகளுக்கு மட்டும் நடப்பதில்லை. எந்த அழற்சியிலும் நடக்கக்கூடியது, தோலின் மேல்படலம் உருவாகும்போதுகூட நடப்பது. பெரும்பாலோரின் நோயெதிர்ப்பு மண்டலம் அதைக் கண்டுகொள்வதில்லை. முடக்குவாதம் வரவிருப்பவர்களிடமோ அது அந்த மாறிய புரதத்தை எதிரியின் அடையாளமாகக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கென எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கத் தொடங்குகிறது. மருத்துவர் எழுதித்தரும் ஆன்டி சிசிபி என்ற இரத்தச் சோதனை இவற்றைத்தான் தேடுகிறது. ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற பழைய சோதனை வேறு பல நோய்களிலும், நோயே இல்லாத முதியவர்களிலும்கூட ‘பாசிட்டிவ்’ என வருவதுண்டு. ஆன்டி சிசிபி அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

யாருடைய உடல் இப்படிக் குறித்துவைக்கும் என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. நோயெதிர்ப்பு அணுக்கள் புரதத் துணுக்குகளை, எதிர்ப்பை வழிநடத்தும் டி செல்களுக்குக் காட்ட, ஒரு தட்டில் வைத்து நீட்டுவதுபோல நீட்டுகின்றன. அந்தத் தட்டை உருவாக்கும் மரபணுக்களில் ஒன்றான எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 மரபணுவின் சில வகைகள் முடக்குவாத நோயாளிகளிடம் அதிகமாக இருப்பதையும், அவ்வகைகள் அனைத்துக்கும் தட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரே மாதிரியான அமினோ அமில வரிசை இருப்பதையும் 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். சிட்ருலின் ஏறிய துணுக்குகள் அந்த வகைத் தட்டில் நன்றாகப் பொருந்தி உட்காருகின்றன. ஆயினும் மரபணு தனியாக எதையும் முடிவு செய்வதில்லை. 2006இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, இந்த மரபணு வகையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்று, புகையும் பிடிப்பவருக்கு, எதிர்ப்பொருளோடு கூடிய முடக்குவாதம் வரும் வாய்ப்பு, இவை இரண்டும் இல்லாதவரைவிட 21 மடங்கு அதிகமாக இருந்தது. புகைபிடிப்பவர்களின் நுரையீரலில் இருந்து கழுவி எடுத்த அணுக்களில் சிட்ருலின் ஏறிய புரதங்கள் இருந்ததும் அதே ஆய்வில் தெரியவந்தது. மூட்டு நோயின் விதை நுரையீரலில் விழக்கூடும் என்ற எண்ணம் அப்போது பலருக்கும் விந்தையாகத்தான் பட்டிருக்கும்.

வாயும் இந்தச் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. ஈறு நோயை உண்டாக்கும் பார்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம், புரதத்தில் சிட்ருலினை ஏற்றும் சொந்த நொதியே இருக்கிறது. ஈறு பழுதுபட்ட முடக்குவாத நோயாளிகளின் இரத்தத்தில் வாயின் பாக்டீரியாக்கள் அடிக்கடி கசிந்து புகுவதையும், அவற்றின் மீதிருக்கும் சிட்ருலின் ஏறிய புரதங்களை நோயாளியின் எதிர்ப்பொருள்கள் பற்றிக்கொள்வதையும் 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் ஈறில் இரத்தம் கசியும் கோடிக்கணக்கானோரில் மிகப் பெரும்பாலோருக்கு முடக்குவாதம் வருவதே இல்லை என்பதால், பல் தேய்த்தால் வாதம் வராது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம்.

எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் சுற்றிவந்த பிறகு ஒரு நாள் மூட்டு வீங்குகிறது. அந்த நாளுக்குச் சற்று முன்பு என்ன நடக்கிறது என்பதை அறிய, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனா ஆரஞ்ச் குழுவினர் கையாண்ட முறை எளிமையானது, பொறுமையைக் கோருவது. நோயுள்ளவர்களுக்கு நிலை திடீரென மோசமாகும் நாள்களை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மோசமான பிறகு மருத்துவமனைக்கு வந்து கொடுக்கும் இரத்தம் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். ஆகவே நோயாளிகள் வீட்டிலேயே விரல் நுனியைக் குத்திச் சில சொட்டு இரத்தம் எடுத்து, சிறு குழாயில் இட்டு, தபாலில் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஒருவர் இதை நான்கு ஆண்டுகள் விடாமல் செய்தார். அவரிடமிருந்து மட்டும் 364 மாதிரிகள் கிடைத்தன, அந்தக் காலத்தில் எட்டு முறை அவருடைய நோய் சீறி எழுந்தது. 2020இல் முடிவுகள் வெளியாயின. நோய் சீறுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பு, எதிர்ப்பொருள் சுரக்கும் வம்சத்தைச் சேர்ந்த பி செல்களின் சுவடுகள் இரத்தத்தில் கூடின. அதற்கு அடுத்த வாரம், இரத்தத்தில் பொதுவாகக் காணப்படாத ஒருவகை அணுக்கள் தோன்றின. மரபணுச் செயல்பாட்டில் அவை மூட்டின் உட்சவ்வில் வாழும் நார் அணுக்களை ஒத்திருந்தன. மூட்டு வீங்கிய நாளில் அவை இரத்தத்தில் இருந்து மறைந்துபோயின. மூட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன என்பது ஆய்வாளர்களின் ஊகம். நோயாளிகள் சிலரிடம் மட்டுமே செய்யப்பட்ட சோதனை இது என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் அந்த மனிதரின் நான்கு ஆண்டுப் பொறுமையை நினைத்தால், ஆய்வகத்தில் உள்ளவர்களுக்கு இணையான பங்கு அவருக்கும் உண்டு என்றே தோன்றுகிறது.

அந்த நார் அணுக்கள் மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது அண்மைக் காலத்தில்தான். நலமாக உள்ள மூட்டின் உட்சவ்வு, ஓரிரு அணுக்களே தடிமன் கொண்ட மெல்லிய படலம். மூட்டுக்கு வழவழப்பான திரவத்தைச் சுரந்துதரும் வேலை அதனுடையது. முடக்குவாதத்தில் அது தடித்து, மடிப்பு மடிப்பாக வளர்ந்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து அரிக்கிறது. பழைய விளக்கத்தில் நோயெதிர்ப்பு அணுக்களே குற்றவாளிகள், நார் அணுக்கள் வெறும் பின்புலம். 2019இல் எலிகளில் செய்த ஆய்வு அந்த விளக்கத்தைத் திருத்தியது: சவ்வின் மேற்பரப்பில் உள்ள நார் அணுக்கள் எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்கின்றன, அடியில் உள்ளவையோ அழற்சியைத் தூண்டி வளர்க்கின்றன. இன்று நம்மிடம் உள்ள மருந்துகள் எல்லாம் நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்குபவை. நார் அணுக்களைக் குறிவைக்கும் மருந்து எதுவும் இன்னும் நோயாளியின் கைக்கு வரவில்லை.

இருக்கும் மருந்துகளில் முதலிடம் இன்றும் மெத்தோட்ரெக்சேட்டுக்குத்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில், 1940களில் ஃபோலிக் அமிலத்தின் எதிரிகளாக உருவாக்கப்பட்ட சேர்மங்களில் ஒன்று அது. புற்றுநோய்க்கெனப் பிறந்த மருந்தை, பல மடங்கு குறைந்த அளவில், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கொடுத்தால் மூட்டழற்சி அடங்குகிறது. வாரம் ஒரு முறை என்பதைத் தினம் ஒரு முறை என்று தவறாகப் புரிந்துகொண்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு என்பதால், சீட்டில் கிழமையின் பெயரையே எழுதித்தரும் மருத்துவர்களின் வழக்கம் பாராட்டத்தக்கது. அடுத்த பெரிய திருப்பம் 1992இல் லண்டனில் நிகழ்ந்தது. மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோர், அழற்சிச் செய்தியைக் கடத்தும் டி.என்.எஃப். என்ற ஒரே புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளை நோயாளிகளுக்குச் செலுத்தியபோது வீக்கம் வேகமாக வடிந்தது. அதே புரதம்தான் நுரையீரலில் காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருக்கும் அணுக்கூட்டைத் தாங்கி நிற்கிறது என்பதால், இந்த ஊசிகளைத் தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோயைத் தேடிச் சோதிப்பது கட்டாயம். காசநோய் மிகுந்த இந்தியாவில் இது சடங்குக்காகச் செய்யும் சோதனை ஆகாது.

எந்த நோயாளிக்கு எந்த ஊசி என்பது இதுவரை பெரும்பாலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து அறியும் விஷயமாகவே இருக்கிறது. இதைச் சீர்செய்ய லண்டனில் கோஸ்டான்டினோ பிட்சாலிஸ் குழு 164 நோயாளிகளின் மூட்டுச் சவ்வில் இருந்து ஊசி வழியாகத் துணுக்கு எடுத்து ஆராய்ந்தது. பி செல்களை அழிக்கும் ரிடுக்ஸிமாப் மருந்தை, சவ்வில் பி செல்களே அதிகம் இல்லாதவருக்குக் கொடுப்பதில் என்ன பயன் என்ற எளிய கேள்விதான் அதன் அடிப்படை. துணுக்கில் பி செல்கள் எவ்வளவு என்பதை ஆர்.என்.ஏ.வை அளந்து பிரித்துப் பார்த்ததில், பி செல் குறைந்தவர்களில் வேறு வழியில் செயல்படும் டோசிலிசுமாப் பெற்றோரில் 63 சதவீதத்தினரும், ரிடுக்ஸிமாப் பெற்றோரில் 36 சதவீதத்தினரும் பலனடைந்தார்கள் என 2021இல் அறிவித்தனர். ஒரே பெயரில் அழைக்கப்படும் நோய் சவ்வுக்குள் பல முகம் கொண்டது என்பதற்கு 2023இல் மேலும் ஆதாரம் கிடைத்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அணுக்களைத் தனித்தனியே படித்த ஓர் அமெரிக்கக் கூட்டு முயற்சி, சவ்வின் அழற்சியை ஆறு வகையாகப் பிரித்தது.

இனி அந்த வலியற்ற ஆண்டுகளுக்குத் திரும்பலாம். எதிர்ப்பொருள் இருக்கிறது, மூட்டு இன்னும் வீங்கவில்லை என்ற நிலையிலேயே மருந்து கொடுத்தால் நோயைத் தடுத்துவிட முடியுமா? நெதர்லாந்தின் லைடனில், மூட்டு வலி இருந்து, ஸ்கேனில் மட்டும் அழற்சி தெரிந்த 236 பேரில் ஒரு பாதியினருக்கு ஓராண்டு மெத்தோட்ரெக்சேட் கொடுத்துப் பார்த்தார்கள். வலியும் முடக்கமும் குறைந்தன. இரண்டு ஆண்டு முடிவில் நோய் வந்தவர்களின் விகிதத்தில் மட்டும் வேறுபாடு இல்லை. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடந்து 2024இல் முடிவு வெளியான மற்றொரு சோதனையில், எதிர்ப்பொருளும் மூட்டு வலியும் இருந்த 213 பேரைத் தேர்ந்து, ஒரு குழுவுக்கு டி செல்களைத் தணிக்கும் அபாடசெப்ட் ஊசியை வாரம் ஒன்றாக ஓராண்டு கொடுத்தார்கள், மற்றக் குழுவுக்கு மருந்தில்லாத ஊசி. ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 6 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 29 சதவீதத்தினருக்கும் நோய் வந்திருந்தது. ஊசியை நிறுத்தி இன்னும் ஓராண்டு காத்திருந்தபோது அந்த எண்கள் 25, 37 என ஒன்றையொன்று நெருங்கின.

இதைத் தடுப்பு என்பதைவிடத் தள்ளிப்போடுதல் என்பதே நேர்மையான சொல். மேலும், மருந்தே பெறாத குழுவில் அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இரண்டு ஆண்டுகளில் நோய் வரவில்லை என்பதும் அதே எண்களுக்குள் இருக்கிறது. எல்லோருக்கும் ஊசி போட்டால், தேவைப்படாத பலர் விலையுயர்ந்த மருந்தையும் அதன் தொற்று அபாயத்தையும் சும்மா சுமப்பார்கள். முடக்குவாதம் உள்ள தாயின் மகள், தன் விரலில் வலியே இல்லாதபோது ஆன்டி சிசிபி சோதனை செய்துகொள்ளலாமா என்று கேட்டால், பெரும்பாலான மருத்துவர்கள் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்வார்கள். முடிவு ‘பாசிட்டிவ்’ என வந்தால், புகைபிடிப்பதை விடச் சொல்வதற்கும் ஈறுகளைக் கவனிக்கச் சொல்வதற்கும் மேல் அவளுக்குக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் அவளுடைய விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகி, அது வாரக்கணக்கில் நீடிக்குமானால், அப்போது ஒரு மாதத் தாமதம்கூட எலும்பில் பதியக்கூடும்.