கெமாக்: யூதத் தெருவின் கைமாற்று

எருசலேமிலோ, இஸ்ரேலின் பினே பிராக் நகரிலோ, நியூயார்க்கின் புரூக்ளினிலோ, யூதர்கள் நெருக்கமாக வாழும் தெருக்களில் ‘கெமாக்’ என்ற சொல் தினமும் காதில் விழும். ‘நாற்காலி கெமாக்’, ‘தொட்டில் கெமாக்’, ‘கல்யாண உடுப்பு கெமாக்’. நடு ராத்திரியில் குழந்தையின் வாய்ச் சூப்பான் தொலைந்துபோனால் ஓடிப்போய் வாங்கிவர ‘சூப்பான் கெமாக்’ கூட உண்டு. பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வீட்டு அலமாரிதான் அது, இல்லையென்றால் மூடிய பால்கனி. வேண்டியதை எடுத்துப்போய், வேலை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். வாடகை கிடையாது. பண கெமாக்கும் உண்டு, அதில் வட்டி கிடையாது.

தமிழில் எழுதும்போது இதைத் ‘தர்ம ஸ்தாபனம்’, ‘இலவச சேவை மையம்’ என்று சொல்லிவிட்டுப் போகத் தோன்றும். இரண்டுமே சரியில்லை.

முதலில் உச்சரிப்பு. கடைசியில் வருவது நம் ‘க்’ அல்ல, தொண்டையை உரசிக்கொண்டு வரும் காற்றொலி. ஆய்தத்தைப் போட்டு ‘கெமாஃக்’ என்று எழுதினால் கொஞ்சம் கிட்டத்தில் வரும். ஆனால் படிக்கிறவர் தடுக்கி விழுவார், கெமாக்கே போதும்.

இது ஒரு சுருக்கப் பெயர். எபிரேயத்தில் முழுப்பெயர் ‘கெமிலூத் ஹசாதிம்’. முதல் சொல்லிலிருந்து இரண்டு எழுத்து, அடுத்ததிலிருந்து ஒன்று, ஆக மூன்று மெய்யெழுத்து. ஹசாதிம் என்பது ‘ஹெசெத்’ என்ற சொல்லின் பன்மை. இந்த ஹெசெத் தமிழ் விவிலியத்தைப் படித்தவர்களுக்குத் தெரியாமலே அறிமுகமான சொல்தான். 136ஆம் சங்கீதத்தில் வரிக்கு வரி வரும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்பதில் கிருபை என்று இருப்பது மூலத்தில் ஹெசெத். மீகா 6:8இல் ‘இரக்கத்தைச் சிநேகித்து’ என்று வருகிறதே, அந்த இரக்கமும் அதே ஹெசெத்தான். கடவுளிடமிருந்து வந்தால் கிருபை, மனிதன் செய்தால் இரக்கம் என்று மொழிபெயர்ப்பு பிரித்துக்கொண்டது. எபிரேயத்தில் அந்தப் பிரிவினை இல்லை. கட்டாயம் இல்லாத இடத்திலும் உறவை விட்டுக்கொடுக்காத அன்பு என்று சுற்றி வளைத்துச் சொன்னால்தான் பொருள் பிடிபடும்.

கெமிலூத் இன்னும் சுவாரசியம். அதன் வேர் க-ம-ல். செய்ததற்கு ஈடு செய்வது, பதிலுக்குப் பதில் தருவது என்பது அந்த வேரின் ஒரு பொருள். குழந்தையைப் பால் மறக்கச் செய்வதற்கும் அதே வேர்தான். ஒட்டகத்துக்கு எபிரேயப் பெயர் காமால், அதற்கும் இதே மூன்று எழுத்து. (எப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.) எபிரேய அகரவரிசையில் மூன்றாம் எழுத்தின் பெயர் கீமெல், நான்காவது தாலெத். யூத மத ஆசான்களான ரபீக்களின் விவாதத் தொகுப்பு தல்மூது. அதன் சப்பாத் பகுதியில் அழகான ஒரு விளக்கம் உண்டு. கீமெலின் கால் ஏன் தாலெத்தை நோக்கி நீண்டிருக்கிறது? உதவுகிறவன் ஏழையைத் தேடி ஓடவேண்டும் என்பதற்காக. ‘தல்’ என்றால் ஏழை. சரி, தாலெத் ஏன் கீமெலுக்கு முகம் காட்டாமல் திரும்பி நிற்கிறது? வாங்குகிறவன் கூசாதபடி மறைவாகக் கொடுக்கவேண்டும் என்பதற்காக. அகரவரிசை கற்கும் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம் இது.

யூத மரபில் தர்மத்துக்கு வேறு சொல் இருக்கிறது: ‘செதாக்கா’. அதன் வேர் நீதி. ஏழைக்குக் கொடுப்பது உன் பெருந்தன்மை இல்லை, நியாயமாகச் செய்யவேண்டியது என்பது அதன் தொனி. கெமிலூத் ஹசாதிம் செதாக்காவைவிடப் பெரியது என்கிறது தல்மூது. செதாக்காவைப் பணத்தால் மட்டும் செய்யலாம், இதைப் பணத்தாலும் உடலுழைப்பாலும் செய்யலாம். அது ஏழைக்கு மட்டும், இது பணக்காரருக்கும். அது உயிரோடு இருப்பவருக்கு மட்டும், இது செத்தவருக்கும். இன்னோரிடத்தில் இன்னும் வெளிப்படையாக, தர்மம் செய்கிறவனைவிடக் கடன் கொடுக்கிறவன் பெரியவன் என்றே இருக்கிறது. திருப்பித் தரும் நிலையில் இருப்பவன் என்று ஒருவனை மதித்தால்தானே கடன் கொடுப்போம். கெமாக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சக்கர நாற்காலியை வாங்கிப்போகிற கிழவி பயனாளி இல்லை, ஒரு பொருளைத் திருப்பித் தரவேண்டியவள்.

சக்கர நாற்காலி என்றதும் யாத் சாரா என்ற இரவல் அமைப்பைச் சொல்லாமல் போகமுடியாது. 1976இல் எருசலேமில் ஊரி லுபோலியான்ஸ்கி என்ற இளைஞர் தொடங்கியது. தன் பிள்ளைக்குச் சளி பிடித்தபோது அக்கம்பக்கத்தில் ஆவி பிடிக்கும் கருவியை இரவல் வாங்க நேர்ந்ததிலிருந்து அந்த யோசனை வந்தது. யூத இன அழிப்பில் இறந்த தன் பாட்டியின் பெயரை வைத்தார். ஊன்றுகோல், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கருவி என எல்லாம் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல், திருப்பித் தந்தால் பணமும் திரும்பிவிடும். இன்று நாடு முழுக்கக் கிளைகள், ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள். அவர்களில் ஓய்வுபெற்ற முதியவர்கள் ஏராளம்: முதியவருக்கு முதியவரே துணை. 1994இல் இஸ்ரேல் பரிசு இந்த அமைப்புக்குக் கிடைத்தது. லுபோலியான்ஸ்கி பிற்பாடு எருசலேம் மேயராகவும் இருந்தார். பண கெமாக்குகளோ வேறு மாதிரி. சில வங்கி அளவுக்கு வளர்ந்துவிட்டன, அவற்றின் மேல் போதிய கண்காணிப்பு இல்லை என்ற விமர்சனம் இஸ்ரேலிலேயே உண்டு.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது?

ஈகை என்றால் தப்பு. வள்ளுவரே தடுக்கிறார்: ‘வறியார்க்கொன்று ஈவதே ஈகை’, மற்றதெல்லாம் ‘குறியெதிர்ப்பை’ போன்றது. குறியெதிர்ப்பை என்றால் அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவது. அடுத்த வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி ஒரு படியாகவே கொடுக்கிறோமே, அதுதான். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார், குமணன் கொடுத்த செல்வத்தை யார் யாருக்குத் தரலாம் என்று மனைவியிடம் சொல்லும் பட்டியலில், கஷ்டகாலத்தில் குறியெதிர்ப்பை தந்தவர்களையும் மறக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், வள்ளுவர் எதை ஈகைக்குக் கீழே வைத்தாரோ அதையே ரபீக்கள் தர்மத்துக்கு மேலே வைத்தார்கள். அவர் கொடுப்பவன் மனதில் லாபக்கணக்கு இருக்கிறதா என்று பார்க்கிறார். இவர்கள் வாங்குபவன் முகம் சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள்.

குறியெதிர்ப்பை இன்று யாருக்கும் விளங்காது. ‘இரவல்’ பொருளுக்குப் பொருந்தும், ஆனால் அதன் அடியில் ‘இரத்தல்’ இருக்கிறது. கெமாக் ஒழிக்க நினைப்பதே அந்தக் கூச்சத்தைத்தான். எனக்குப் பிடித்தது கைமாற்று. ‘கைமாத்தா ஒரு ஐயாயிரம் இருக்குமா?’ என்று கேட்பவரும் கூசுவதில்லை, கொடுப்பவரும் வட்டி பேசுவதில்லை. பணத்துக்குப் புழங்கும் சொல்லைப் பாத்திரத்துக்கும் நாற்காலிக்கும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். அமைப்பைக் கைமாற்றகம் என்போம். வழக்கில் வரும்வரை பக்கத்திலேயே கெமாக் என்றும் எழுதலாம்.

கெமிலூத் ஹசாதிம் என்ற முழுச் செயலுக்கு ஒப்புரவு. பணம், உழைப்பு, நோயாளியைப் போய்ப் பார்ப்பது எல்லாம் அதில் அடங்கும். ஒரு சிக்கல்: கத்தோலிக்க வாசகர்களுக்கு ஒப்புரவு என்றால் பாவமன்னிப்பு அருட்சாதனம் நினைவுக்கு வரும். முதல் தடவை மட்டும் ஒரு வரி விளக்கம் போட்டுவிடலாம்.

கைமாற்று பொருந்தாத இடமும் உண்டு. பிணத்தைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி உடுத்தி அடக்கம் செய்யும் தன்னார்வலர் குழு யூத ஊர்களில் இருக்கும். அவர்கள் செய்வதற்கு ‘ஹெசெத் ஷெல் எமெத்’ என்று பெயர். எமெத் என்றால் உண்மை. உதவி பெற்றவர் இனி எதையும் திருப்பித் தரமுடியாது என்பதால் அந்தப் பெயர். ‘கைம்மாறு வேண்டா’ என்று குறளின் ஒப்புரவு அதிகாரம் தொடங்குகிறது. செத்தவருக்குச் செய்யும் இந்த உதவிக்கு ஒப்புரவு என்ற சொல்லைத்தான் போடவேண்டும்.