மைல்கல்லுக்குப் பொட்டும் விவேக்கின் மாரடைப்பும்

நடிகர் விவேக்கின் சாவுக்குக் கொவிட் ஊசிதான் காரணம் என்று நம்பிக்கொண்டு, நெஞ்சுவலியோடு என்னிடம் வந்தவர்களில் இந்த ஆண்டில் இவர் நாலாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு வேறு வேலை இல்லையா?

சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு வீவக புளோக்கின், அதாவது அரசு அடுக்குமாடிக் குடியிருப்பின், கீழ்த்தளத்தில் இருக்கிறது நான் டாக்டராக இருக்கும் மருந்தகம். வந்தவருக்கு 54 வயது, லாரி ஓட்டுநர். (ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் தொழிலில் அது கட்டாயம்.) மூன்று வாரமாக எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மேம்பாலத்தில் படியேறினால் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறதாம். நின்றால் சரியாகிவிடுகிறதாம். வாயுப் பிடிப்பு என்று அவரே முடிவுகட்டி, ஓமத் தண்ணீர், ஈனோ, அப்புறம் தேக்காவில் யாரோ சொன்ன லேகியம் என்று எல்லாம் ஆயிற்று. அன்று காலை சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்ததால் அக்கா, அதாவது அவர் மனைவி, கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

“கொலஸ்ட்ரால் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்கதானே அண்ணே?”

“அதை நிறுத்தி எட்டு மாசம் ஆச்சு டாக்டர். இது அந்த ஊசியோட வேலை. விவேக் சாருக்கு என்ன ஆச்சு? யோகா, சைக்கிள்னு இருந்த மனுஷன். ஊசி போட்டாரு, மறுநாளே விழுந்துட்டாரு. ரத்தத்தைச் சுத்தம் பண்ண ஒரு பொடி வருது, அதைத்தான் குடிக்கிறேன்.”

சொன்னதோடு நிற்காமல் கைப்பேசியை எடுத்து ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினார். சோக இசை, விவேக்கின் சிரித்த முகம், பின்னணியில் ஏதோ ஒரு குரல். நான் இசிஜி எடுத்துக்கொண்டிருந்தேன். தாள் வெளியே வந்ததைப் பார்த்ததும் தாதியிடம் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்கச் சொன்னேன். காணொளி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

விவேக்குக்கு நடந்தது இதுதான். 2021 ஏப்ரல் 15ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய், மக்கள் பயப்படக்கூடாது என்பதற்காகவே ஊடகங்கள் முன்னிலையில் கோவேக்சின் ஊசி போட்டுக்கொண்டார். 16ஆம் தேதி காலையில் வீட்டில் மயங்கி விழுந்தார். 17ஆம் தேதி அதிகாலையில் இறந்துபோனார். வயது 59. இதயத்தின் இடப்பக்க முக்கிய ரத்தக்குழாய் நூறு விழுக்காடு அடைபட்டிருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் இந்திய தேசியக் குழுவும் ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றே முடிவு செய்தது.

அடைப்பு எப்படி உண்டாகிறது என்று இங்கே பாடம் நடத்தப்போவதில்லை. அது வருடக்கணக்கில் சேர்வது என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு எரிச்சல் மூட்டுவது அந்த ‘மறுநாளே’ என்ற ஒரு சொல்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? காம்பு இற்றுப்போய்ப் பல நாளாகிவிட்ட பழம், காக்கை வராவிட்டாலும் விழுந்திருக்கும். நாம் காம்பைப் பார்க்காமல் காக்கையைத் துரத்திக்கொண்டிருக்கிறோம். (விவேக் நடித்த ‘ரன்’ பார்த்தவர்களுக்குக் காக்கை என்றதும் பிரியாணி நினைவுக்கு வரும். எனக்கும்தான்.)

இன்னும் புரியவில்லை என்றால் இப்படிப் பாருங்கள். 2021இல் சிங்கப்பூரில் கிட்டத்தட்ட எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டோம். மறுநாள் வேலை போனவர்கள் இருப்பார்கள், மறுநாள் பேரப்பிள்ளை பிறந்தவர்கள் இருப்பார்கள், மறுநாள் டோட்டோ லாட்டரி அடித்தவர்கூட ஒருவர் இருந்திருப்பார். டோட்டோ அடித்தவர் ஊசிக்கு நன்றி சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. இந்த ஊரில் நடக்கும் மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இதய, ரத்தநாள நோய்களால் வருவது. கொவிட் வருவதற்கு முன்பும் அப்படித்தான். தினமும் யாரோ ஒருவருக்கு மாரடைப்பு வரத்தான் செய்யும். ஊர் முழுக்க ஊசி போடும் மாதங்களில் அவர்களில் பலர் முந்தின நாளோ முந்தின வாரமோ ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். வேறு எப்படி இருக்க முடியும்?

ஊசிக்குப் பக்க விளைவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஃபைசர், மொடர்னா ஊசிகளுக்குப் பிறகு மிகச் சிலருக்கு, அதிலும் இளம் ஆண்களுக்கு, இதயத் தசையில் அழற்சி வந்தது உண்மை. அதனால்தான் ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்று இங்கே அறிவித்தார்கள். ஆனால் அது தசை அழற்சி, இது குழாய் அடைப்பு. விவேக் போட்டுக்கொண்டது அந்த வகை ஊசியும் இல்லை. குழாயில் கசிவு என்று ஆளைக் கூப்பிட்டால் அவர் வந்து மின்விசிறியைக் கழற்றினால் சம்மதிப்பீர்களா?

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், இந்த வதந்தியில் மாட்டிக்கொண்டது யார் பெயர் என்பதுதான். மைல்கல்லுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறவர்களையும், வண்டியில் எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டு எஞ்சினை மறந்துவிடுகிறவர்களையும் திரையில் கேலி செய்தே பெயர் வாங்கிய மனிதர் அவர். தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மெட்ராஸ் ஹியூமர் கிளப்பில் பேசிக்கொண்டிருந்தவரை 1987இல் ‘மனதில் உறுதி வேண்டும்’ படத்தில் கே. பாலசந்தர் அறிமுகப்படுத்தினார். பத்துப் பன்னிரண்டு வருடம் சின்னச் சின்ன வேடங்கள். 2000க்குப் பிறகு ‘மின்னலே’, ‘ரன்’, ‘சாமி’, ‘தூள்’ என்று வரிசையாக வந்தபோது, அவர் இல்லாத படம் ஓடுமா என்கிற நிலை. என்.எஸ். கிருஷ்ணனை நினைத்து ‘சின்னக் கலைவாணர்’ என்றார்கள். 2009இல் பத்மஸ்ரீ.

ஆனால் அவர் பாணி எல்லாருக்கும் பிடித்ததா? என் மருந்தகத்தில் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் ஒரு தொலைக்காட்சி உண்டு. வசந்தம் ஒளிவழியில் பழைய படம் ஓடி, அதில் விவேக் வந்துவிட்டால் இரண்டு கட்சி பிரிந்துவிடும். “சிரிக்க வந்தா பாடம் எடுக்குறான்யா, கவுண்டமணி இப்படியா பண்ணாரு?” என்று ஒரு தாத்தா. “அவர் சொல்றதுல என்ன தப்பு மாமா?” என்று ஒரு டீச்சர். நான் உள்ளே ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பேன், வெளியே இரண்டு பேருக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

எனக்கு இரண்டு கட்சியிலும் கொஞ்சம் இடம் உண்டு. அறிவுரை சொல்லிப் பிழைக்கிற தொழில் எனக்கும். பத்து நிமிடத்தில் ஒருவரைச் சிரிக்கவும் வைத்து, உப்பைக் குறைக்கவும் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ‘சாமி’யில் அக்கிரகாரத்துப் பையனாக வந்து சாதித் திமிரை அவர் கிண்டல் செய்ததை வேறு யார் செய்திருந்தாலும் அடி விழுந்திருக்கும். அதே சமயம் சில படங்களில் சிரிப்பு முடிந்த பிறகும் பேசிக்கொண்டே இருப்பார். போதும் சார், புரிந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். என் நோயாளிகள் என்னைப் பற்றியும் அப்படித்தான் நினைக்கிறார்களோ என்னவோ.

எனக்கு ஒத்தே வராதது வேறொன்று. குண்டு, கறுப்பு, வழுக்கை என்று உடம்பை வைத்துச் செய்த கேலிகள். ‘சிவாஜி’யில் இரண்டு பெண்களுக்கு முகத்தில் கறுப்பைப் பூசி, பாரி மகளிர் பெயரையும் வைத்துச் சிரிக்கச் சொன்ன காட்சியில் அவரும் இருக்கிறார். அது அவர் ஒருவரின் தப்பில்லை, படத்தை எடுத்தவர்களுக்கும் பார்த்துச் சிரித்த நமக்கும் பங்கு உண்டு. ஆனால் பதினான்கு வயதுப் பெண்ணைக் கூட்டிவந்து, “கொஞ்சம் நிறம் வர க்ரீம் எழுதிக் கொடுங்க டாக்டர்” என்று கேட்கும் அம்மாக்களை நான் பார்க்கிறேன். நான் எழுதிக் கொடுக்காவிட்டால் கடையில் பெயர் தெரியாத டப்பா ஒன்றை வாங்கித் தடவுகிறார்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், சிலவற்றில் பாதரசமே இருக்கும். தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்த பிறகு மறுபடியும் என்னிடம்தான் வருவார்கள். அந்தச் சிரிப்புக்கு இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசிக் காலத்தில் அவர் அடங்கி நடித்தது பலருக்குத் தெரியவே தெரியாது. 2019இல் வந்த ‘வெள்ளைப்பூக்கள்’ பாருங்கள். சியாட்டிலில் மகன் வீட்டுக்குப் போன ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. குரலே உயராது, கண்தான் வேலை செய்யும். அடுத்த ஆண்டு ‘தாராள பிரபு’வில் கருத்தரிப்பு மருத்துவர். எங்கள் துறையைச் சினிமா காட்டும் லட்சணம் தெரியும் என்பதால் பயந்துகொண்டே பார்த்தேன். விந்து தானம் போன்ற, வீட்டில் வாயைத் திறந்து பேசாத விஷயத்தை விரசமில்லாமல் கொண்டுபோயிருந்தார். பழைய அறிவுரைப் புத்தி அங்கேதான் சரியான உடுப்பைப் போட்டுக்கொண்டது என்று எனக்குப் பட்டது. இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் நமக்கு ஒரு நல்ல குணச்சித்திர நடிகர் கிடைத்திருப்பார். அப்துல் கலாம் சொன்னதற்காக ஒரு கோடி மரம் நடுவேன் என்று கிளம்பியவர், முப்பது லட்சத்தைத் தாண்டி நட்டுவிட்டும் போனார்.

விவேக் சொன்னதால் யார் திருந்தினார்கள் என்று அந்தத் தாத்தா கேட்பார். என்னிடம் பதில் இல்லை. என் லாரி அண்ணன் விவேக்கின் தீவிர ரசிகர், வசனங்களை மூச்சுவிடாமல் சொல்வார். அவர் லாரியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குவதை வாகன நிறுத்துமிடத்தில் நானே பார்த்திருக்கிறேன். பழம் தொங்கட்டும், எனக்கென்ன? எஞ்சின் எண்ணெயை மாற்றாமல் இருந்தால்தான் கேட்பேன். அவர் தன் எஞ்சினுக்கான மாத்திரையை எட்டு மாதம் நிறுத்தியிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாடியேறும்போது, வேகமாக நடக்கும்போது நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ இறுக்கம் வந்து, நின்றால் போகிறதா? அது வாயு இல்லை. வாயுவுக்கு மேம்பாலம் தெரியாது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே வந்தால், வியர்த்தால், மூச்சு வாங்கினால் 995. கிராப் வாடகைக்கார் பிடித்துப் போகாதீர்கள், மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெண்களே, உங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் அசதி, குமட்டல், முதுகு வலி என்றும் வரலாம். சமையலை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள்.

பக்கத்தில் யாராவது பேச்சுமூச்சில்லாமல் விழுந்தால் 995ஐ அழைத்து, கைப்பேசியை ஸ்பீக்கரில் போடுங்கள். நெஞ்சை எப்படி அழுத்துவது என்று அந்தப் பக்கம் இருப்பவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இன்னொருவரை ஓடவிட்டு, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியை எடுத்துவரச் சொல்லுங்கள். வீவக புளோக்குகளில் பல இடங்களில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் பெட்டியில் இருக்கிறது. உங்கள் புளோக்குக்கு எது பக்கம் என்று இன்று மாலை கீழே இறங்கும்போது பார்த்து வையுங்கள். திறந்தால் அபராதமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இல்லை ஐயா, இல்லை.

நாற்பது தாண்டியவர்கள் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் சேருங்கள். 2023 ஜூலையிலிருந்து நடக்கிறது, குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளுக்குக் காசே இல்லை. ஒரு தட்டு பிரியாணிக்கு எட்டு வெள்ளி யோசிக்காமல் கொடுக்கிறவர்கள் இலவசப் பரிசோதனைக்கு யோசிப்பது எனக்குப் புரியவே இல்லை. நம் ஆட்களுக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிறு மட்டும் முன்னால் வரும். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் கவனம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். யோகா செய்யுங்கள், சைக்கிள் ஓட்டுங்கள், நல்லது. ஆனால் அது பரிசோதனைக்குப் பதில் ஆகாது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா, தசை வலிக்கிறதா, என்னிடம் வந்து சண்டை போடுங்கள், மாற்றித் தருகிறேன். சொல்லாமல் மட்டும் நிறுத்தாதீர்கள்.

தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியத் தம்பிகளுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. வேலை போய்விடுமோ என்று பயந்து நெஞ்சு வலியை மறைக்காதீர்கள்ப்பா. ஊரில் உங்களை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். அடைப்பைத் திறந்து வைக்க இரண்டு ஸ்டென்ட். மூன்று வாரம் கழித்து மாத்திரைப் பையோடு வந்து உட்கார்ந்தார். கூட வந்த அக்கா, பொடி டப்பாவைக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டதாக என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அந்தக் காணொளியை அழித்துவிட்டீர்களா என்று அண்ணனிடம் கேட்டேன்.

“நான் அழிச்சுட்டேன் டாக்டர். ஆனா அன்னிக்கே நம்ம கோயில் குழுவுல போட்டுட்டேன். நூத்துச் சொச்சம் பேரு.”

“அவங்களுக்கு என்ன சொல்லப்போறீங்க?”

தலையைச் சொறிந்தார். “எனக்குச் சொல்ல வராது. நீங்களே தமிழ்ல ஏதாச்சும் எழுதிக் குடுங்க, அனுப்பிடறேன்.”

எழுதிவிட்டேன் அண்ணே. அனுப்புங்கள்.