உச்சி வெயிலில் மங்கும் கண்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருடைய கணவருக்குத் தாயின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அது நன்றாகவே வேலை செய்கிறது. சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவும் இரத்தத்தில் சரியாக இருக்கிறது. ஆனால் சில மாதங்களாக, உச்சி வெயிலில் களத்தில் நின்றால் எதிரே வருபவரின் முகம் வெள்ளைப் புகைக்குள் இருப்பதுபோல் தெரிகிறது. பொழுது சாய்ந்தபின் அதே முகம் தெளிவாகத் தெரிகிறது. தாயின் சிறுநீரகத்தோடு தாயின் வயதும் கண்ணுக்கு வந்துவிட்டது என்று உறவினர்கள் சொல்கிறார்களாம். அது உண்மையா என்று கேட்கிறார்.

உண்மையில்லை. ஒரு சிறுநீரகம் தன் வயதைக் கண்ணுக்குக் கடத்துவதில்லை. ஆனால், வெயிலில் மங்கி அந்தியில் தெளிகிறது என்று அவர் கவனித்து எழுதிய அந்த ஒரு வரி, எங்கே பழுது என்பதைக் கிட்டத்தட்டக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மாற்றுச் சிறுநீரகத்தை உடல் அந்நியமாகக் கருதித் தாக்காமலிருக்க, டாக்ரோலிமஸ், மைக்கோபினலேட், பிரட்னிசலோன் போன்ற மாத்திரைகள் தொடர்ந்து கொடுக்கப்படுகின்றன. இவற்றுள் பிரட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு. நெடுங்காலம் ஸ்டீராய்டு உட்கொண்ட மூட்டுவாத நோயாளிகளின் கண்ணில் ஒரு தனி வகைப் புரை தோன்றுவதை மருத்துவர்கள் 1960-இல் எழுதினார்கள். புரை என்பது கண்ணுக்குள் ஒளியைக் குவிக்கும் லென்ஸ் மங்குவது. முதுமைப் புரை பெரும்பாலும் லென்ஸின் நடுக்கருவிலோ ஓரங்களிலோ தொடங்கும். இதுவோ லென்ஸின் பின்முகத்தில், உறைக்குச் சற்று முன்னால், சரியாக நடுமையத்தில் படியும். ஏன் அந்த இடத்தில் என்பதுதான் இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது.

கருவில் லென்ஸ் முதலில் ஒரு வெற்றுக் குமிழாகவே உருவாகிறது. அக்குமிழின் பின்சுவரிலுள்ள செல்கள் நீண்டு, உள்ளிருக்கும் வெற்றிடத்தை நிரப்பி, இழைகளாகிவிடுகின்றன. அதனால் பிறக்கும்போதே லென்ஸின் முன்பக்கத்தில் மட்டும் ஒற்றைச் செல் அடுக்கு உண்டு. பின்பக்கத்தில் வெறும் உறைதான். அதன்பின் வாழ்நாள் முழுவதும், விளிம்பிலுள்ள செல்கள் புதிய இழைகளாக நீண்டு, வெங்காயச் சருகுபோல் பழைய இழைகளின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன; ஒளிக்குத் தடையாகாதபடி தம் உட்கருவையும் மற்ற உள்ளுறுப்புகளையும் தாமே கரைத்துவிட்டுக் கண்ணாடிபோல் ஆகின்றன. இரத்தக்குழாய் ஒன்றுகூட இல்லாத இந்த உறுப்பிலிருந்து எந்த இழையும் வெளியேற்றப்படுவதில்லை. லென்ஸின் நடுவிலுள்ள புரதம், நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவான அதே புரதம். அந்தக் கணவரின் கண்ணுக்குத் தாயிடமிருந்து ஏதேனும் வந்தது என்றால், அது அப்போது வந்தது.

நீண்டகால ஸ்டீராய்டு இந்த ஒழுங்கைக் கலைக்கிறது. விளிம்பிலுள்ள செல்களில் சில, முழுமையான இழையாக மாறாமல், உட்கருவோடேயே பின்னுறையின் உட்புறமாக ஊர்ந்து நடுமையத்தை அடைந்து அங்கே உப்பிக்கொள்கின்றன. வர வேண்டிய ஒளி இந்தக் குமிழ்களில் பட்டுச் சிதறுகிறது.

இனி வெயிலுக்கு வருவோம். கடும் வெளிச்சத்தில் கண்ணின் பாப்பா, அதாவது ஒளி நுழையும் நடுத்துளை, ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குச் சுருங்கும். மங்கலில் அதைவிடப் பல மடங்கு பரப்பு விரியும். வாய்க்காலின் நடுவில் வெங்காயத்தாமரை ஒரு திட்டாக அடைத்திருந்தாலும், வாய்க்கால் அகலமாக இருக்கும்வரை தண்ணீர் இருபுறமும் ஒதுங்கி ஓடிவிடும். மதகு குறுகி, நடுவழியாக மட்டுமே போக வேண்டியிருந்தால் அந்தத் திட்டே எல்லாத் தண்ணீரையும் மறிக்கும். நண்பகலில் நடப்பது இதுதான். செய்தித்தாளைக் கிட்டே பிடித்துப் படிக்கும்போதும் பாப்பா சுருங்குவதால், இவர்களுக்குத் தூரப் பார்வையைவிடப் படிப்பதே முதலில் கடினமாகிறது.

இந்தப் புரைக்கு அறுவை சிகிச்சை உண்டு. செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். அதனால் எனக்கு அதைவிட அதிகக் கவலை தருபவை வேறு. ஸ்டீராய்டு சிலருக்குக் கண்ணின் உள்நீர் வடியும் சல்லடையை இறுக்கி, கண்ணழுத்தத்தை ஏற்றுகிறது. 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் என்பது வழக்கமான அளவு. அதற்கு மேல் ஏறினாலும் வலிக்காது. பார்வை நரம்பு தேயும்போது ஓரப்பார்வையே முதலில் மறைவதால், நேர்ப்பார்வை நன்றாக இருக்கும்போதே நிறைய இழந்திருப்போம். அந்த இழப்பு மீளாது. நோயெதிர்ப்பு தணிந்த உடலில் சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரையைத் தாக்கலாம். கண்முன் கரும்புள்ளிகள் மிதப்பது அதன் அறிகுறியாக இருக்கலாம். சிறுநீரகத்தைக் கெடுத்த சர்க்கரையும் இரத்த அழுத்தமும் விழித்திரையில் முன்பே விட்டுச்சென்ற சேதமும் அப்படியே இருக்கும்.

நம் டெல்டாவுக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. அறுவடைக் காலத்தில் நெல் சுணையோ பதரோ கருவிழியில் கீறினால், அந்தக் கீறல் வழியே பூஞ்சை நுழையும். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு அது வேகமாகப் பரவக்கூடும். களத்துக்குப் போகும்போது கண்ணாடி அணிய வேண்டும். கண்ணில் தூசி விழுந்தால் தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விடும் வழக்கத்தை இவர்கள் முற்றாக விட்டுவிட வேண்டும். அது அன்பினால் செய்யப்படுவதுதான், ஆனால் பார்வையையே பறித்துவிடக்கூடும்.

கண் மருத்துவரிடம் முதலிலேயே "எனக்குச் சிறுநீரக மாற்று நடந்திருக்கிறது" என்று சொல்லி, மாத்திரைப் பட்டியலைக் காட்ட வேண்டும். பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மாத்திரை டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் வெகுவாக ஏற்றிவிடும். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளும், கண்ணழுத்தத்துக்கான அசிட்டசோலமைடும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், நோயாளிகளின் கண்களை ஓவியமாக வரைந்து, நோயையும் சிகிச்சையையும் எழுதிவைத்த ஏடுகள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. நான் பார்த்த மாற்றுச் சிறுநீரக நோயாளிகளின் கோப்புகளில் ஒவ்வொரு வருகைக்கும் கிரியேட்டினின் அளவு எழுதப்பட்டிருந்தது. கண்ணுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்கும் சிறுநீரக மாற்றைச் சாத்தியமாக்கியிருப்பது பெரிய சாதனை. அதே கோப்பில் ஆண்டுதோறும் கண்ணழுத்தமும் விழித்திரையும் பார்த்த குறிப்பு இடம்பெறவும், இவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு டெல்டா மாவட்டங்களில் நடக்கவும் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள். கண்ணுக்குப் பயந்து பிரட்னிசலோனைக் கணவர் தாமாக நிறுத்திவிடக் கூடாது; சிறுநீரகமே போய்விடலாம். இந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அழுத்தம் பார்த்து, சொட்டு மருந்தால் பாப்பாவை விரித்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். விரிந்த பாப்பாவுக்குள் மருத்துவர் ஒளியைச் செலுத்தும்போது, சிவந்து ஒளிரும் விழித்திரைப் பின்னணியில் நடுவே ஒரு கரிய நிழல் தெரிந்தால், களத்தில் முகங்களை மறைப்பது அதுதான்.