பாதீட்டின் வரவுப் பக்கத்தையும் பாருங்கள்

உள்ளூராட்சி மன்றக் கணக்குகளோடு வேலை செய்பவன் என்பதால், என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "எங்கட ரோட்டுக்குப் பாதீட்டில காசு போட்டிருக்காங்களே, ஏன் வேலை நடக்கல்ல?"

பதில் வரவுப் பக்கத்தில் இருக்கிறது. தாளில் வரவும் செலவும் பொருந்தித்தான் நிற்கும். ஆனால் ஆதனவரி (வீடு, காணிக்குச் சபைக்குக் கட்டும் வரி) என்று எழுதும் தொகையில் பழைய நிலுவையும் சேர்ந்திருக்கும். அது வராவிட்டால் முதலில் நிற்பது வீதியும் வடிகானும்தான். மன்ற ஊழியர்களின் சம்பளத்தின் பெரும்பகுதி அரசிடமிருந்து மாகாணம் ஊடாக வருகிறது. காணி கைமாறும்போது அறவிடும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் அதே வழியில்தான் வரவேண்டும், சுணங்கியே வரும். மன்றம் தன் கையால் சேர்க்கக்கூடிய பணத்தில் ஆதனவரிதான் முக்கியம்.

இந்த நிலுவை எப்படிச் சேர்கிறது? மட்டக்களப்பில் வீடு மகளுக்குப் போகும். கல்யாணத்தோடு தாய் உறுதி எழுதிக் கொடுப்பார், காணிப் பதிவகத்திலும் பதிவார்கள். அதோடு விட்டுவிடுகிறோம். சபையின் வரிப் பதிவேட்டில் இன்னும் அம்மம்மாவின் பெயர்தான். அறிவித்தல் அவர் பெயருக்கே போகும், யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிறகு கட்டிய மேல்மாடியும் மதிப்பீட்டில் ஏறியிருக்காது. வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளிலோ, அறிவித்தல் கேற்றுக்கு உள்ளே மழையில் ஊறிக் கிடக்கும். கட்டட அனுமதிக்கோ வங்கிக் கடனுக்கோ போகும்போதுதான் பல வருட நிலுவை தெரியவரும்.

வரி கட்டாதவரின் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரம் 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்திலும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலும் இருக்கிறது. ஊருக்குள் முகம் பார்த்துப் பழகுகிறவர்கள் அதைக் கையிலெடுக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. சின்ன வீட்டுக்கு ஒழுங்காக வரி கட்டும் ஒரு தாயின் ஒழுங்கைதான் அதனால் இருட்டில் கிடக்கிறது. 2023 மார்ச்சில் மன்றங்களின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல்வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே பாதீடுகள் ஓடின. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வட்டார உறுப்பினரிடம் ரோட்டைக் கேட்கும்போது, போன வருடம் எதிர்பார்த்த ஆதனவரி எவ்வளவு, வந்தது எவ்வளவு என்பதையும் கேளுங்கள். சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம்.

அப்புறம், உங்கள் உறுதியின் பிரதியோடு சபைக்குப் போய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். முழு ஆண்டு வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு, காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். வெளிநாட்டு உறவினரின் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்களும் போய்க் கட்டலாம். பற்றுச்சீட்டில் ஆதன இலக்கம் சரியா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.