மெக்கானிக்கல் இன்ஜினியரிங்: இயந்திரப் பொறியியல்

இந்தப் படிப்பின் பெயரைச் சொன்னதுமே பழுதான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். மெக்கானிக் வேறு, இது வேறு என்று விளக்குவதற்குள் பானட்டையும் திறந்துவிடுவார்கள்.

கிரேக்கத்தில் ‘மெகானே’ என்றால் உபாயம், கருவி. நாடக மேடையில் தெய்வ வேடமிட்டவரை மேலிருந்து இறக்கிய பாரந்தூக்கிக்கும் அதே பெயர்தான். ‘இன்ஜின்’ வந்தது ‘இன்ஜெனியும்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து. பிறவியில் அமைந்த அறிவுத்திறன் என்று பொருள். ஐரோப்பாவில் முதலில் போர்க்கருவி செய்தவரே இன்ஜினியர். நீராவியும் ரயிலும் வந்தபின், 1847இல் பர்மிங்காமில் இத்துறையினர் தனிச் சங்கம் கண்டனர். முதல் தலைவர் ரயில் இன்ஜின் முன்னோடி ஜார்ஜ் ஸ்டீஃபன்சன்.

தமிழில் ‘பொறி’ பழஞ்சொல். எலிப்பொறியிலும் இருக்கிறது, சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை ஏறிப் பறந்த மயிற்பொறியிலும் இருக்கிறது. ‘பொறியியல்’ அதிலிருந்து பிறந்த அருமையான ஆக்கம். ‘எந்திரம்’ என்ற வடிவமும் பழையதே: ஐங்குறுநூற்றில் கரும்பு பிழியும் எந்திரம் களிற்றுக்கு எதிராகப் பிளிறுகிறது. இன்று ‘இயந்திரம்’ நிலைத்துவிட்டது.

‘இயந்திரம்’ இயங்குவதால் வந்த பெயர் என்று தோன்றும். ஆனால் வடமொழி ‘யந்திர’த்தின் வேர் ‘யம்’. அதற்குக் கட்டுப்படுத்துதல் என்று பொருள். எனக்கு இரண்டுமே வேண்டும். கட்டுப்பட்ட இயக்கம்தானே இயந்திரம்! மின்விசிறியின் பேரிங்கைப் பாருங்கள். இரண்டு எஃகு வளையங்கள், நடுவே உருளும் குண்டுகள். தண்டைச் சுழல விடும், பக்கவாட்டில் அசைய விடாது. குண்டுகளுக்கு விட்ட இடைவெளி கூடினால் தண்டு ஆடும், இரைச்சல் வரும். குறைந்தால், ஓடும் சூட்டில் உலோகம் விரிந்து இறுகிப்போகும். எவ்வளவு விசை, எவ்வளவு வெப்பம், எந்த எஃகு, எப்படிக் கடைவது, எதை மசகாக இடுவது: இவற்றைக் கணக்கிட்டு முடிவு செய்வதே இயந்திரப் பொறியியல். டர்பைனுக்கும் செயற்கை மூட்டுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இதே கேள்விகள்தான், அளவுதான் வேறு.

‘இயந்திரவியல்’ என்று சுருக்குவதை நான் தவிர்ப்பேன். விசையையும் இயக்கத்தையும் பற்றிய இயற்பியல் பிரிவான மெக்கானிக்ஸையும் சிலர் அப்படி எழுதுகிறார்கள். அதற்கு ‘விசையியல்’ இருக்கிறது.