கவுன்சலிங்: ஆலோசனையா, ஆற்றுப்படுத்தலா?

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் 'ஆற்றுப்படுத்துநர்', அதாவது கவுன்சலர், என்றொரு பணியிடம் இருக்கும். சமூகப்பணி, உளவியல், சமூகவியல் படித்தவர்கள் இதற்கு விண்ணப்பிக்கிறார்கள். வேலை கிடைத்ததும், சேர்வதற்கு முன் எதையாவது படித்துத் தயாராகிவிடலாம் என்று புத்தகக் கடைக்குப் போய் 'கவுன்சலிங் புக்' கேட்டால், பெரும்பாலும் கையில் கிடைப்பது தன்னம்பிக்கை நூல்தான். கேட்பவருக்கும் அது பிழையாகத் தெரிவதில்லை. கவுன்சலிங் என்ற சொல்லை நாம் அவ்வளவு தளர்வாகப் புழங்குகிறோம்.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'கொன்சிலியும்' என்றால் கூடி யோசித்தல், யோசித்து எடுத்த முடிவு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'கவுன்சல்' ஆனது. நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரையும் அந்தச் சொல்லாலேயே அழைக்கிறார்கள். பழைய பொருளில் கவுன்சலிங் என்பது விவரம் அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லும் யோசனை.

அது ஒரு தொழிலின் பெயராக மாறியதற்கும் வேலை தேடுவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908-ல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், எந்தத் தொழிலுக்குப் போவது என்று தெரியாமல் நின்ற இளைஞர்களுக்காக ஒரு தொழில் வழிகாட்டு நிலையத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டே இறந்தும் போனார். அவர் எழுதி வைத்திருந்த நூல் 1909-ல் வெளிவந்தது. உன்னை நீ அறிந்துகொள், வேலைகளின் தன்மையை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவருடைய முறை. 1942-ல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வெளியிட்ட நூல் சொல்லின் போக்கைத் திருப்பியது. யோசனை சொல்வதைவிட, வந்தவர் சொல்வதைக் கேட்டு அவரே தெளிவதற்கு இடம் கொடுப்பதுதான் இந்தப் பணி என்றார் அவர். இன்று பயிற்சி வகுப்புகளில் கவுன்சலிங் என்று கற்றுத்தருவதில் பெரும்பகுதி இந்தப் பொருளை ஒட்டியது.

தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு முதலில் நினைவுக்கு வரும் பொருளே வேறு. 'பையனுக்கு அடுத்த வாரம் கவுன்சலிங்' என்று ஒரு வீட்டில் சொன்னால், அது பொறியியல் சேர்க்கை. 2018-ல் அது இணையத்துக்கு மாறும்வரை, தரவரிசைப்படி அழைப்பு வந்த நாளில் குடும்பத்தோடு சென்னை கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய், எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சமிருக்கிறது என்று திரையில் பார்த்து, சில நிமிடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு வருவார்கள். அரசு இதற்கு வைத்த தமிழ்ப் பெயர் கலந்தாய்வு. ஆசிரியர்கள் இடமாறுதலுக்கும் அதே பெயர்தான். இடம் ஒதுக்கும் முறைக்கு அது நன்றாகவே நிலைபெற்றுவிட்டது. மனம் உடைந்து வரும் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்தினால் குழப்பம்தான் மிஞ்சும்.

தன்னம்பிக்கை நூல்களின் வரலாறு தனி. சாமுவேல் ஸ்மைல்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1859-ல் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப்' என்ற நூலின் பெயரே ஆங்கிலத்தில் அந்த வகைக்குப் பெயராகிவிட்டது. லீட்ஸ் நகரில் தாங்களே கூடிப் படித்துக்கொண்டிருந்த உழைப்பாளி இளைஞர்களுக்கு அவர் ஆற்றிய உரைகளிலிருந்து வளர்ந்த நூல் அது. அந்த வகையைச் 'சுய உதவி நூல்' என்று தமிழில் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பிறகு, சுய உதவி என்றாலே நமக்குக் குழு, சேமிப்பு, கடன்தான். சுயமுன்னேற்ற நூல், தன்னம்பிக்கை நூல் என்று மக்களே வைத்துக்கொண்ட பெயர்கள் பொருத்தமானவை. தமிழில் அப்துற்-றஹீம் தொடங்கி எம்.எஸ். உதயமூர்த்தி வரை இதற்கு மதிக்கத்தக்க மரபும் இருக்கிறது. நேர்காணலுக்குப் போகத் தயங்குகிறவருக்கு அந்த நூல்கள் தெம்பு தரும். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தத் தெம்பையே எடுத்துக்கொண்டு போய் மேசைக்கு எதிரே இருப்பவருக்குப் பரிமாறக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்து, 'ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கலக்கா' என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்னம்பிக்கை நூலை மட்டும் படித்தவர் வாயில் உடனே வருவது, 'அப்படிச் சொல்லக் கூடாதும்மா, உன்னால முடியும்' என்பது. பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பயிற்சி பெற்றவர், 'போகவே பிடிக்கல... முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சா?' என்று அவள் சொல்லையே அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். பள்ளிக்குப் போகும் வழியில் யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்பது அந்தக் காத்திருப்பில்தான் வெளியே வரக்கூடும். அப்படி வந்துவிட்டால் அடுத்து நடக்க வேண்டியதைச் சட்டம் சொல்கிறது. அதனால் இந்த வேலைக்குப் போகிறவர் முதலில் படிக்க வேண்டியவை 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டமும் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும். அடுத்து, உரையாடல்களை வரிக்கு வரி எழுதிக் காட்டும் பாடநூல் ஒன்று. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

சரியான தமிழ்ச்சொல் எது? அறிவுரை நிச்சயமாக இல்லை. ஆலோசனை வடசொல், பரவலாக வழங்குவது. ஆனால் 'ஆலோசனை சொல்' என்றுதான் அதைப் புழங்குகிறோம், கேட்டுக்கொண்டிருக்கும் பகுதி அதில் விழுவதில்லை. இலங்கையில் உளவளத்துணை என்கிறார்கள். துணை என்ற சொல் மேலேயிருந்து பேசாமல் பக்கத்தில் உட்காருவதால் எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆற்றுப்படுத்தல் அங்கும் வழங்குகிறது, தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளிலும் ஏறிவிட்டது.

ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்தல், வழிப்படுத்தல். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைகள்தாம். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வருபவருக்கு, தான் போய்வந்த வழியைச் சொல்வது அதன் அமைப்பு. கூத்தராற்றுப்படை என்றும் பெயர்பெற்ற மலைபடுகடாம், நன்னன் என்ற மன்னனிடம் போகும் வழியில் கிடைக்கும் விருந்தை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், காவலர் வீசும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது என்றும் சொல்கிறது. தானும் வறுமைப்பட்டு அதே வழியில் நடந்தவர் சொல்வதால் அதில் அதட்டல் இல்லை. ஆனாலும் அங்கே பேசுபவர் வழிகாட்டிதான். எதிரே நிற்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்தப் பணியில் அது தலைகீழ். சூட்டை ஆற்று, துயரை ஆற்று என்னும்போது வரும் 'ஆற்று' வேறு சொல். ஆனால் கேட்பவர் காதில் அதன் பொருளும் சேர்ந்தே ஒலிப்பதால் இந்தக் குறை ஓரளவு நிரம்பிவிடுகிறது. வேலையின் பெயராக ஆற்றுப்படுத்துநர் என்பதை நான் ஏற்பது அதனால்தான்.

இன்னும் தீராதது, உதவி தேடி வருபவரை எப்படி அழைப்பது என்பது. நோயாளி என்ற சொல்லைத் தவிர்த்து ரோஜர்ஸ் எடுத்துக்கொண்ட 'கிளையன்ட்' தமிழில் வாடிக்கையாளர் ஆகிவிட்டால் கடை வாடை வரும். பதிவேடுகளில் வரும் 'பயனாளி' அரிசியும் பணமும் வாங்குகிறவரைத்தான் காட்டுகிறது. இலங்கை உளவளத்துணையாளர்கள் துணைநாடி என்கிறார்கள். தமிழ்நாட்டுப் படிவங்களிலும் அதைத் தயங்காமல் எழுதலாம்.